சாவிக் கடிகாரத்தின் பௌதிகம்

மாப்பிள்ளைக்கு மோதிரமும் கைக்கடிகாரமும் போடுவது என்று நிச்சயதார்த்தத்தின்போதே பேசி முடித்துவிடுகிற வழக்கம் பாண்டி நாட்டில் ஊன்றியிருந்த நாட்களில், அந்தக் கடிகாரம் பெரும்பாலும் எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்துப் பெயரைத் தாங்கியதாகவே இருந்தது. மதுரை ஹார்வி மில்லின் சங்கொலிக்குக் கட்டுப்பட்டு வேலைக்குப் புறப்பட்ட தொழிலாளியும், கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவும், பள்ளிக்கூடத்து ஆசிரியரும் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த அந்த யந்திரங்களில் பல, இன்று அவர்களுடைய பிள்ளைகள் வீட்டுப் பீரோவின் உள்ளறையில், பழைய பத்திரங்களுக்கும் நகைப் பெட்டிக்கும் நடுவே ஓடாமல் கிடக்கின்றன. பென்ஷன் வாங்குகிறவர்கள் நிறைந்த எங்கள் கே.கே. நகரில் ஒரே தெருவில் விசாரித்தாலும் நாலைந்தாவது தேறும். அவற்றை மறுபடி ஓடவைப்பதையும், தம் ரசனைக்கேற்ப உருமாற்றிக்கொள்வதையும் பொழுதுபோக்காகக் கொண்டோர் இப்போது பெருகி வருகிறார்கள். அந்தப் பொழுதுபோக்கின் உள்ளே இருக்கும் சாஸ்திரத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எச்.எம்.டி., அதாவது இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசாங்கக் கம்பெனி 1953-ஆம் வருஷம் பெங்களூரில் தோன்றியது. ஆலைகளுக்கு வேண்டிய லேத்து முதலிய யந்திரங்களைச் செய்வதே அதன் முதற்காரியம். 1961-இல், ஜப்பானியச் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு, அது கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றையும் அங்கே நிறுவிற்று. நல்ல கடிகாரம் என்றாலே கடல் கடந்து வரவேண்டிய வஸ்து என்று எண்ணியிருந்த ஜனங்களுக்கு, தேவநாகரி இலக்கங்கள் பொறித்த டயலோடுகூடக் கிடைத்த ஜனதாவும், கறுப்பு டயலில் வெள்ளை எண்கள் பளிச்சிடும் பைலட்டும், கோஹினூரும், சோனாவும், பார்வையற்றோர் விரலால் தடவி மணி அறியும் பிரெய்ல் கடிகாரமும் கைக்கெட்டும் விலையில் வந்து சேர்ந்தன. பிறகு குவார்ட்ஸ் யுகம் பிறந்தது. டாட்டா நிறுவனமும் நம் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து மின்கலத்தில் ஓடும் கடிகாரங்களை அனுப்பலாயிற்று. நொடிக்கு 32,768 தடவை அதிரும் படிகத்தோடு, நொடிக்கு ஐந்து தடவை துடிக்கும் சக்கரம் போட்டியிட முடியவில்லை. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடிவிட மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. தயாரிப்பு நின்றதும், பழைய சாவிக் கடிகாரங்களின்மேல் மோகம் கூடிற்று.

சாவி கொடுப்பது என்று நாம் சொல்லும் செய்கை, மெல்லிய நீண்ட எஃகுப் பட்டை ஒன்றை ஒரு சிறு டப்பாவுக்குள் இறுகச் சுருட்டிவைப்பதேயாகும். மெயின் ஸ்பிரிங் என்னும் அந்தப் பட்டை, விரல்கள் செலவிட்ட சக்தியைத் தன்னிடம் சேமித்துவைத்து, ஒன்றரை நாள் அளவுக்குச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. தடுப்பார் இல்லையென்றால் அது சில கணங்களில் அவிழ்ந்து தீர்ந்துவிடும். ஆகையால், மணிக்கு ஒரு சுற்று, நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று வேகம் ஏறிக்கொண்டே போகும் பற்சக்கர வரிசையின் கடைசியில், பதினைந்து பற்கள் கொண்ட எஸ்கேப் வீல் ஒன்றை வைத்து, இரண்டு மாணிக்கக் கற்கள் பதித்த சிறு கவையொன்று அதன் பற்களை மாறி மாறித் தடுத்தும் விட்டும் கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆங்கிலேயராகிய தாமஸ் மட்ஜ் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கண்டுபிடித்த இந்த லீவர் அமைப்புத்தான், சிற்சில திருத்தங்களோடு, நம் ஜனதாவுக்குள்ளும் இருக்கிறது. காதில் வைத்தால் கேட்கும் டிக் என்ற ஓசை, பல் கல்லில் மோதி நிற்கும் ஓசை.

எப்போது தடுப்பது, எப்போது விடுவது என்று தீர்மானிக்கிற அதிகாரி பேலன்ஸ் வீல் எனப்படும் வளையம். தலைமயிர் போன்ற ஹேர் ஸ்பிரிங் அதன் அச்சில் சுருளாகப் பொருந்தியிருக்க, அவ்வளையம் ஊஞ்சலைப்போல் ஒரு பக்கம் சுழன்று, சுருளின் இழுப்பால் திரும்பி, மறுபக்கம் சுழன்று ஓயாமல் ஆடுகிறது. இந்தச் சுருளைக் கடிகாரத்தில் சேர்த்த பெருமை 1675-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸுக்கா, இங்கிலாந்தின் ஹூக்குக்கா என்று அந்நாளிலேயே பெருஞ் சர்ச்சை நடந்தது. வளையம் அதிக தூரம் ஆடினாலும் குறைந்த தூரம் ஆடினாலும், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் காலம் ஏறக்குறைய மாறாதிருக்கும் என்பதே இதன் மகிமை. அக்காலத்தை நிர்ணயிப்பவை வளையத்தின் கனப் பரவலும் சுருளின் விறைப்பும் ஆகிய இரண்டே. எச்.எம்.டி.யின் சாதாரணச் சாவிக் கடிகாரத்தில் இந்தத் துடிப்பு மணிக்கு 18,000, நாளைக்கு 4,32,000, இடைவிடாமல் ஓடினால் வருஷத்துக்கு 15 கோடிக்கு மேல்.

விறைப்பு என்று சொன்னேனே, அதில்தான் சூக்ஷ்மம் அடங்கியிருக்கிறது. சுருளின் விறைப்பு அதன் நீளத்துக்கு எதிர்விகிதமாயும், தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதமாயும் அமைவது. ஆட்டத்தின் வேகமோ விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவது. சுருளின் பயன்படும் நீளத்தை நூற்றில் ஒரு பங்கு குறைத்தால் கடிகாரம் நாளொன்றுக்கு ஏழு நிமிஷத்துக்குச் சற்று மேல் முந்தும். ஆனால் துரு அரித்து, நெடுகிலும் தடிப்பு நூற்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டாலோ, இருபத்தோரு நிமிஷத்துக்கு மேல், அதாவது ஒரு நாழிகைக்குச் சற்றே குறைவாகப் பிந்திவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் ஈரம் தங்கிக் கிடந்த கடிகாரத்தைக் கையிலெடுக்கும்போது, பார்வையில் புலப்படாத செந்தூள் ஒரு கண்ணியில் ஒட்டியிருந்தாலும் ஏன் அஞ்சவேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

மதுரையின் உஷ்ணமும் இதே சுருளின் வழியாகத்தான் கடிகாரத்தைத் தொடுகிறது. சாதாரண எஃகுச் சுருள், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், நாளைக்குப் பத்துப் பதினோரு நொடி பிந்தும்; எஃகு சூடாகும்போது அதன் விறைப்புத் தளர்வதே முக்கிய காரணம். சித்திரை வைகாசியில் 40 டிகிரியை எட்டியும், மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்கியும் மாறுகிற ஊரில், அப்படிப்பட்ட கடிகாரத்துக்கு நாளைக்கு மூன்றரை நிமிஷ வித்தியாசம் காட்டுவது பெரிய காரியமன்று. நிக்கலும் இரும்பும் சேர்ந்த உலோகக் கலவைகளின் விசித்திர ஸ்வபாவத்தை ஆராய்ந்து, வெப்பத்தால் அநேகமாக விரியாத இன்வாரையும், விறைப்பு மாறாத எலின்வாரையும் உலகுக்குத் தந்த சார்ல் எதுவார் கிய்யோம் என்பவருக்கு 1920-ஆம் வருஷத்துப் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வெளிவந்த கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் அவ்வழியில் பிறந்த கலவைகளால் ஆன சுருள்களையே கொண்டிருப்பதால், வெயிலின் தொல்லை நமக்கு நொடிக் கணக்கோடு நின்றுவிடுகிறது.

இனி, கடிகாரத்தைத் திறப்போம். வேலைக்கு உகந்தது வெள்ளைத் துணியோ காகிதமோ விரித்த மேஜை. மின்விசிறி கூடவே கூடாது. கோடைக்காலத்துப் புழுதிக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்து இவ்வேலை செய்கிறவர், சுத்தம் செய்த வேகத்திலேயே மண்ணையும் சேர்த்துக்கொண்டு போவார். பின்மூடியைக் கழற்றியதும் அதன் உட்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்: ஊசி முனையால் கீறிய சிறு எழுத்துகளும் எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். மாசி வீதிப் பக்கத்துச் சந்துகளில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே, ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பழைய ரிப்பேர்காரர்கள், தாம் சர்வீஸ் செய்த மாதத்தையும் வருஷத்தையும் தம் அடையாளத்தோடு அங்கே குறித்துவைப்பது வழக்கம். கடிகாரம் எத்தனை தடவை திறக்கப்பட்டது, கடைசியாக எண்ணெய் கண்டு எத்தனை காலமாயிற்று என்பதற்கு இதைவிட நம்பகமான சாசனம் கிடையாது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர், வைத்தியச் சீட்டைக் கிழித்துவிட்டு வைத்தியம் தொடங்குகிறார்.

அடுத்தபடியாக, மெயின் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் முறுக்கைச் சாவிக் குமிழைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்தவேண்டும். இந்தக் கிரமம் தவறி மேற்தகட்டின் திருகைக் கழற்றினால், அடைபட்ட சக்தி முழுவதும் ஒரே கணத்தில் பாய்ந்து பற்களையும் அச்சு முனைகளையும் முறித்துவிடும். பிறகு பாகங்களை ஒவ்வொன்றாக நுனி மெலிந்த இடுக்கியால் எடுத்துக் கழுவவேண்டும். உலர்ந்து பிசினாய்ப் போன எண்ணெயும் தூளும் சேர்ந்த கசடு, மேல்வாரியாகத் தெளிக்கும் புது எண்ணெயால் கரைந்து போகாது. அரைக்கும் மாவைப்போல் அச்சைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்க் கடைகளில் நெடுங்காலமாகப் பெட்ரோலில் கழுவி வந்திருக்கிறார்கள். தீயின் அபாயம் ஒருபுறமிருக்க, அது கசடை நன்றாகவே கரைக்கும். சாராயச் சத்துள்ள திரவங்களைத் தேடுகிற புதியவர்கள் ஒன்றை அறியவேண்டும்: கவையின் இரண்டு மாணிக்கக் கற்களையும் அதனதன் இடத்தில் பிடித்துவைத்திருப்பது அரக்கு. காட்டு மரங்களில் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குத்தான் கடிகாரக்காரர்களுக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. சூட்டில் இளகிச் சூடு தணிந்தால் இறுகும் அதன் குணம் கல்லை நுட்பமாக நகர்த்தி நிறுத்த வசதி செய்கிறது. ஆனால் ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் அது கரைந்து கல் கழன்றுவிடும்.

டயலில் 17 ஜுவல் என்று அச்சிட்டிருப்பது விலை உயர்ந்த ரத்தினங்களைக் குறிப்பதாக எண்ணிப் பழைய கடிகாரத்தை விற்க வந்தவர்களும் உண்டு. இவை அனைத்தும் உலையில் விளைந்த செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு ரசாயனி வெர்னெய் 1902-இல் வெளியிட்ட முறைப்படி, அலுமினா தூளைச் சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாய் வளர்த்துச் செய்வது. ஆகவே ஒரு கல்லின் விலை அற்பம். வைரத்துக்கு அடுத்த கடினமுடைய அந்தக் கல்லில், மயிரிழைப் பருமனே உள்ள மெருகேறிய எஃகு முனை சுழலும்போது தேய்மானம் மிகக் குறைவு என்பதே அதன் பிரயோஜனம். பேலன்ஸ் வீலுக்கு நான்கு, அதன் உந்துகல் ஒன்று, கவைக்கு நான்கு, மற்றச் சக்கரங்கள் நான்குக்கும் தலா இரண்டு என்பது பதினேழுக்குரிய வழக்கமான பங்கீடு. கீழே விழுந்தால் முதலில் ஒடிவது பேலன்ஸ் வீலின் முனை. ஆகையால் அதன் கற்களை மட்டும் சிறு ஸ்பிரிங்கின்மேல் ஏற்றிவைத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளச் செய்யும் உபாயத்தைச் சிட்டிசன் கம்பெனி 1956-இல் கொண்டுவந்தது. பாராஷாக் என்று ஜனதாவின் டயலிலும் காணப்படும் சொல் அதன் பெயர்.

கல்லின் வெளிமுகத்தில் கிண்ணம்போல் ஒரு சிறு குழிவு உண்டு. அங்கே வைக்கும் எண்ணெய், திரவங்களின் பரப்பு இழுவிசை காரணமாக, இடைவெளி எங்கே குறுகியிருக்கிறதோ அங்கே, அதாவது துளையும் முனையும் சேரும் இடத்திலேயே ஒதுங்கி நிற்கும். அளவு மிஞ்சினாலோ, துளி தகட்டைத் தொட்ட கணமே அதே விசை எண்ணெய் முழுவதையும் வெளியே இழுத்துப் பரப்பிவிடுகிறது. ஆகவே அதிகமாக எண்ணெய் விட்ட கடிகாரம் சீக்கிரத்தில் எண்ணெயே இல்லாத கடிகாரமாகிவிடும். வேகமாய் ஆடும் பேலன்ஸுக்கு நீர்த்த எண்ணெய், பளு தாங்கும் மெயின் ஸ்பிரிங்குக்குக் கெட்டியான கிரீஸ், கவையின் அச்சு முனைகளுக்கு ஒன்றுமே வேண்டியதில்லை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்தில் ஆயுள் முழுவதும் இத்தொழிலைச் செய்த முதியவர் ஒருவர் என்னிடம், “எண்ணெய் விடத் தெரிஞ்சவன் பாதி ரிப்பேர்காரன் தம்பி, எங்க விடக் கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் முழு ரிப்பேர்காரன்” என்று சொன்னதில், திரவ பௌதிகத்தின் ஓர் அத்தியாயம் அடங்கியிருந்தது.

பாகங்களைக் கோத்து ஓடவிட்டபின், கடிகாரம் திடீரென்று நாளைக்குப் பல நிமிஷம் முந்துமானால், காந்தத்தைச் சந்தேகிக்கவேண்டும். ஒலிபெருக்கி, செல்பேசி, கைப்பையின் காந்தப் பூட்டு ஆகியவற்றின் அருகிலேயே இருக்கும் கடிகாரத்தில் ஹேர் ஸ்பிரிங்கின் கண்ணிகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பயன்படும் நீளம் குறையும். முன் சொன்ன கணக்கின்படி வேகம் கூடும். சோதனை எளிது: சிறு திசைகாட்டி ஒன்றைப் பேலன்ஸுக்கு மேலே பிடித்தால் அதன் முள் துடிப்புக்கு ஏற்பத் தடுமாறும். மாறுதிசை மின்சாரம் பாயும் சுருளுக்குள் கடிகாரத்தை வைத்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மெல்ல அப்பால் இழுத்தால், இப்படியும் அப்படியும் திரும்பும் காந்தப் புலம் படிப்படியாகத் தேய்ந்து, உலோகத்தில் ஏறிய காந்தமும் அதனோடு தேய்ந்து மறையும்.

முடிவான பரீட்சைக்கு டைம்கிராஃபர் என்ற கருவி இருக்கிறது. அது மைக்ரபோனால் டிக் ஓசையைக் கேட்டு, நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டும். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கிப் படுத்திருக்கையில், ஆட்டம் 270 டிகிரியைத் தாண்டினால் சர்வீஸ் நன்றாக அமைந்தது எனலாம். செங்குத்தாக நிறுத்தினால் சற்றுக் குறையும். படுத்த நிலையில் அச்சு தன் நுனிப் புள்ளியில் சுழல, நின்ற நிலையில் அதன் பக்கம் முழுவதும் கல்லில் உராய்வதே காரணம். நாளின் 86,400 நொடிகளில் இருபது நொடி பிசகுவது 4,320-இல் ஒரு பங்குப் பிழையாகும். அரை நூற்றாண்டு கடந்த ஜனதாவிடம் அதற்குமேல் துல்லியம் கேட்பது நியாயமில்லை.

இதுவரை சொன்னவற்றில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை: தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றவேண்டும், காய்ந்த எண்ணெயைக் கழுவவேண்டும், கருவி காட்டும் எண்ணுக்குக் கட்டுப்படவேண்டும். கூட்டுக்கும் டயலுக்கும் வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. அக்ரிலிக் கண்ணாடியின் கீறல்களை மெருகுப் பசையால் தேய்த்துப் போக்கலாம்; போகாவிட்டால் சிறு செலவில் புதுக் கண்ணாடி போடலாம். பித்தளைமேல் குரோமியம் பூசிய கூட்டில் உப்பு வியர்வை அரித்த புள்ளிகளைத் தேய்க்கப் புகுந்தாலோ, பூச்சே போய்ப் பித்தளை பல்லிளிக்கும். டயலின் மஞ்சள் பூத்த நிறம் கடிகாரத்தின் ஓட்டத்தை ஒரு நொடிகூடக் கெடுப்பதில்லை. இருந்தும், வடக்கே சில பட்டறைகளில் பழைய டயல்களைச் சுரண்டி, கம்பெனி ஒருநாளும் வெளியிடாத நிறங்களில் எச்.எம்.டி. பெயரைப் புதிதாக அச்சிட்டு, பழைய கடிகாரம் என்றே உலகெங்கும் விற்கிறார்கள். எழுத்துகளின் விளிம்பு பூதக்கண்ணாடியில் மங்கித் தெரிவதும், நிமிஷக் கோடுகள் எண்களோடு ஒட்டாமல் விலகி நிற்பதும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ரசனைக்கேற்ப மாற்றிக்கொள்வது தவறென்று நான் சொல்லவில்லை. தேவநாகரி எண்களோடு ஜனதா வந்ததுபோல், ௧, ௨, ௩ என்று தொடங்கி ௰, ௰௧, ௰௨ என முடியும் தமிழ் எண்களோடு ஒரு டயல் எழுதிக்கொள்ளத் தமிழன் ஆசைப்படுவது இயல்புதான். டயலின் பின்னே உள்ள கால்கள் மிஷினின் துளைகளில் சரியாகப் பொருந்தவேண்டும், முட்களின் துளை நூற்றிலொரு மில்லிமீட்டர்க் கணக்கில் ஒத்துவரவேண்டும், நொடி முள் கனத்துவிட்டால் சக்கரத்துக்குப் பளு ஏறும் என்ற பௌதிக நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைச் செய்யலாம். அதற்குப் பழைய யந்திரத்தைப் பலியிடவும் தேவையில்லை. மணிக்கு 21,600 துடிப்பும் 24 கற்களும் கொண்ட செய்கோவின் என்.எச்.35 போன்ற புதிய மிஷினைச் சுற்றிப் பழைய பாணியில் கூடும் டயலும் அமைத்துக்கொள்வோர் உலகில் அநேகர். இருளில் ஒளிரும் முட்கள் உள்ள மிகப் பழைய வெளிநாட்டுக் கடிகாரத்தை மட்டும் சுரண்டிப் பார்க்கலாகாது. ரேடியத்தின் அரையாயுள் 1,600 வருஷம். அதனோடு கலந்த துத்தநாகச் சல்பைடு கெட்டுப்போனதால் ஒளி அணைந்திருக்குமேயொழிய, கதிர்வீச்சு அணைந்திராது, சுரண்டிய தூள் மூச்சில் கலந்தால் தீங்கு பெரிது.

ஆகவே புதிதாக இத்துறையில் இறங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடிய விதி சுருக்கமானது. உராய்வாலும் துருவாலும் தேய்ந்ததைத் தயங்காமல் புதுப்பியுங்கள். காலம் நிறம் மாற்றியதோடு நின்றதை அப்படியே விடுங்கள். ஆசைக்காகச் செய்யும் எந்த மாற்றமும் நாளைக்கு இன்னொருவர் பழையபடி திருப்பக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய பழைய டயலும் முட்களும் ஒரு காகித உறையில் கடிகாரத்தோடேயே இருக்கட்டும். கைபழகக் குடும்பச் சொத்தில் திருப்புளியை வைக்காமல், ரிப்பேர் கடையில் உதிரிச் சாமானாகக் கிடக்கும் செத்த மிஷின் ஒன்றை வாங்கி, பிரித்துக் கோத்து, மறுபடி பிரித்துக் கோத்து, பேலன்ஸ் முனையை ஒடிக்காமல் துளையில் இறக்கும் வித்தை விரலில் படிந்தபிறகு மாமனார் போட்ட கடிகாரத்தைத் திறக்கலாம். திறந்து முடித்ததும், பின்மூடியின் உட்புறத்தில் முந்தியவர்களின் குறிப்புக்குக் கீழே, மாதத்தையும் வருஷத்தையும் மறவாமல் எழுதிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த சர்வீஸ் எப்போது என்பதை அந்த எண்தான் சொல்லவேண்டும்.